தண்ணீர் காட்டுகிற சீழ்க்கை

எங்கள் ஊரில் பேய் பார்க்காதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புளியமரத்தடியில் வெள்ளைப் புடவையைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ரயில் பாதை ஓரமாகத் தலையில்லாமல் ஒருவன் நடந்து போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா முனீஸ்வரனையே பல தடவை பார்த்ததாகச் சொல்லுவாள், பார்த்த ராத்திரியெல்லாம் அவள் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்த ராத்திரி என்பதை மட்டும் அவள் கவனித்ததில்லை. நான் அறுப்புக் காலத்தில் நெல்லுக்குக் காவலாகக் களத்து மேட்டில் தனியாகப் படுத்து எழுந்தவள், ஒரு நரி கூட வந்து என்னை முகர்ந்து பார்த்தது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு, பாவம், வயசாச்சு, தனியாக வேறு இருக்கிறது, என்று உதட்டைப் பிதுக்குவீர்கள். வயசானதும் நிஜம், தனியாக இருப்பதும் நிஜம். மற்றதை நம்பினால் நம்புங்கள்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், பஸ் பலகை படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது ரேவதி என்கிற பெண். அவள் யார் என்று பின்னால் வரும். எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அவளாக ஒரு வார்த்தை சேர்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர் திருத்தணிக்குப் பக்கத்தில், ஏரிக்கரை மேல் நின்றால் மலைக்கோயில் விளக்கு தெரிகிற தூரத்தில் இருக்கிறது. எனக்கு ஒரே பிள்ளை, தணிகாசலம். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, மலைக்குக் காவடி எடுத்துப் பிறந்தவன். அரக்கோணத்தில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான், ஞாயிற்றுக்கிழமை வருவான், வராமலும் இருப்பான். மற்ற நாளெல்லாம் நானும் வீடும்தான். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கிற மாதிரி சின்னப் பானை எங்கள் வீட்டில் கிடையாது, பெரிய பானையில் அடியில் கொஞ்சம் அரிசி போட்டு வடிப்பேன், கஞ்சித் தண்ணீர் கூட சரியாக வடியாது.

இனி அவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை. பேர் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ஊரில் எல்லோரும் டிராக்டருக்கு மாறின பிறகும் ஒரு ஜோடி எருது வைத்துக்கொண்டு பிடிவாதமாக உழுதவர். கடைசியில் கூலிக்கு உழவு கேட்டு ஒருத்தரும் வராமல் போனதும், ஆந்திரா பக்கத்து மாட்டுச் சந்தைக்கு எருதுகளை ஓட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார். லாரியில் ஏற்ற மாட்டேன், நடத்தியே கூட்டிப் போகிறேன் என்றார். போனவர் போனவர்தான். மாடு விற்றதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. நகரி, புத்தூர், திருப்பதி என்று தேடாத இடமில்லை, போலீசில் எழுதிக் கொடுத்தோம், போட்டோ கொடுத்தோம். வருஷங்கள் போய்விட்டன.

செத்துப் போனார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் நான் பொட்டை எடுக்கவில்லை, பூவை எடுக்கவில்லை, தாலியும் கழுத்தில் இருந்தது. ஊரில் சில பேர் முகத்துக்கு நேராகச் சிரித்து முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். சுமங்கலிப் பெண்களுக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கிற இடத்தில் தட்டு என் முன்னால் வரும்போது ஒரு நொடி நிற்கும். நான் தட்டைப் பிடித்து இழுத்து எடுத்துக்கொள்வேன். எனக்கு யார் தயவும் வேண்டாம்.

இந்த நிலையில் போன கார்த்திகை மாதம் தணிகாசலத்துக்கு நகரியில் ஒரு பெண் அமைந்தது. எத்தனையோ இடம் தட்டிப்போய் அமைந்த பெண். நல்ல குடும்பம். பெண்ணின் அப்பா நேரில் வந்து உட்கார்ந்தார், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற தன்மையான மனிதர், காபியைக் குடித்து முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வதினா, தப்பா எடுத்துக்காதீங்க. பத்திரிகை அடிக்கக் கொடுக்கணும். மாப்பிள்ளையோட அப்பா, பாவா பேருக்கு முன்னால என்னன்னு போடறது? திருன்னு போடறதா, தெய்வத்திருன்னு போடறதா? எங்க சொந்தக்காரங்க கேக்குறாங்க."

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் போன பிறகு பிள்ளை பிடித்துக்கொண்டான்.

"எம்மா, இன்னும் எத்தினி நாளைக்கு இப்படியே? ஒண்ணு கீறாருன்னு சொல்லு, இல்லாட்டி இல்லன்னு சொல்லு. நடுவுல நிக்க வச்சா அவங்க எப்பிடி பொண்ணு குடுப்பாங்க?"

"இல்லன்னு சொல்றதுக்கு நான் பாத்தேனா?"

"பாக்காதவங்க எத்தினியோ பேரு பண்றாங்கம்மா. தருப்பையில பொம்மை செஞ்சு, கொள்ளி வச்சு, கருமாதி முடிச்சுட்டா..."

"உங்க அப்பன் பொம்மையாடா?"

"அப்ப எனக்குக் கல்யாணம் வாணான்னு சொல்லிடு. நானும் உன்ன மாதிரியே ஒத்தையில குந்திகினு இருக்கேன்."

அந்த வார்த்தைதான் என்னை அறுத்தது. அவன் மத்தியான ரயிலுக்குப் போய்விட்டான். தையில் கல்யாணம், அதற்குள் பதில் சொல்ல வேண்டும், நான் சொல்கிற ஒரு வார்த்தையில் ஒன்று அவனுக்குக் குடும்பம் இல்லை, அல்லது எனக்குப் புருஷன் இல்லை.

அன்றைக்குத்தான் ஒரு ஆட்டோ வந்தது. மேலே மைக் குழாய் கட்டிக்கொண்டு, ஏரியில் பறவை பார்க்கலாம், இருட்டினதும் வானம் பார்க்கலாம், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், இலவசம் என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. எனக்குப் பறவையும் வேண்டாம் வானமும் வேண்டாம், அந்த வீட்டுக்குள் அன்றைக்கு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். முகத்தைக் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கோவிந்தம்மா வாசலிலேயே மடக்கினாள். "இன்னா யக்கா, நீயும் குருவி பாக்கக் கெளம்பிட்டியா?"

"ஏன், உன்ன மட்டும்தான் பாக்கணும்னு குருவி சொல்லி அனுப்புச்சா?"

"அதுக்கில்ல, சுண்டல் தராங்களாம், அதான் நானும் வரேன்."

கரை மேல் ஐம்பது பேருக்குக் குறையாமல் கூட்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வாத்தியார்கள், பட்டணத்திலிருந்து வந்த ஆட்கள். அதில் தொப்பி போட்டுக்கொண்டு, கழுத்தில் தூரக்கண்ணாடி மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் நடத்தினவள்தான் இந்த ரேவதி. என்னைப் பார்த்ததும், "வாங்க ஆயா" என்றாள்.

"ஆயான்னு உங்க ஆயாவைக் கூப்புடு. எனக்கு அம்மான்னு கூப்புட ஆளில்லாமத்தான் இங்க வந்துகினு இருக்கேன்" என்றேன். பாவம், அந்தப் பெண் முகம் சிவந்து போனாள், அதற்கப்புறம் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், இன்றைக்கு வரைக்கும்.

வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து பார்த்த ஏரிதான். ஆனால் எனக்கு ஏரியில் தெரிந்தது இரண்டே பறவை, வெள்ளையாக இருந்தால் கொக்கு, தண்ணீரில் மிதந்தால் தாரா. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அத்தனையும் வேறு வேறு. அலகு நடுவில் பிளந்தபடியே இருக்கிற நாரை ஒன்று, நத்தையைக் குத்தித் தின்கிறதற்கென்றே அப்படியாம். கூழைக்கடா என்று ஒன்று, தாடையில் பை கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டு மனுஷன் மாதிரி சாவதானமாக மிதந்தது. இத்தனை காலம் இதையெல்லாம் ஒரே பேர் சொல்லி ஒதுக்கிவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாகக் கூட இருந்தது. கொஞ்ச நேரம் பத்திரிகை, தாலி, பொம்மை எதுவும் ஞாபகம் வரவில்லை.

பொழுது சாய்ந்தது. பறவையெல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து கருவேல மரங்களில் அடைந்தன. அடைகிறபோது ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு, இடம் பிடித்து உட்காருவதைப் பார்த்தால், வீடு திரும்புகிற சனத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இருட்டினதும் பெரிய குழல் ஒன்றை நிறுத்தினார்கள். இன்றைக்குச் சனிக் கிரகம் தெரிகிறது, ஒவ்வொருவராக வந்து பாருங்கள் என்றாள் ரேவதி. வரிசையில் நின்ற கூட்டம் அப்படியே பின்னால் நகர்ந்தது. கோவிந்தம்மா என் கையைக் கிள்ளினாள். "யக்கா, சனியாம்! கோயில்லயே நேரா நின்னு கும்புடக் கூடாதும்பாங்க. இது பெருசா வேற தெரியுமாம்!" கொஞ்சம் தைரியமான ஆம்பளைகள் போனார்கள், போனவர்களும் நவக்கிரகத்தில் நிற்கிற மாதிரி பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஓரக்கண்ணால் எட்டிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் தெரியலியே என்று வந்தார்கள். ரேவதிக்கு ஒன்றும் புரியவில்லை, "நேரா நின்னு பாருங்க சார், சைடுல நின்னா தெரியாது" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

நான் போய் நேராக நின்று பார்த்தேன். எனக்கு இனிமேல் அவன் செய்வதற்கு என்ன பாக்கி இருக்கிறது? சின்னதாக, மஞ்சளாக, சுற்றிலும் ஒரு வளையத்தோடு, ஒத்தையாக இருந்தது. சுற்றி எங்கும் கறுப்பு. அவ்வளவு தூரத்தில் அவ்வளவு இருட்டில் அது பாட்டுக்கு வளையத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறதே என்று நினைத்தேன். என் கை தானாகத் தாலியைப் பிடித்திருந்தது.

கூட்டம் சுண்டல் வாங்கிக்கொண்டு கலைய ஆரம்பித்தது. கோவிந்தம்மா போய்விட்டாள். நான் போகவில்லை. போய்க் கதவைத் திறந்து விளக்கைப் போடுகிற அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தாலே எனக்குக் கால் நகராது, அதைத் தனியாக இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. ரேவதியும் இன்னும் நாலைந்து பேரும் மிச்சம் இருந்தார்கள். அவள் ஒரு கருவியை எடுத்தாள். கவிழ்த்த குடை மாதிரி ஒரு தட்டு, நடுவில் மைக், அதிலிருந்து வருகிற கம்பி காதில் மாட்டுகிற ஹெட்போனுக்குப் போகிறது. தட்டை எந்தப் பக்கம் காட்டினாலும் அந்தப் பக்கத்துச் சத்தம் பக்கத்தில் கேட்கிற மாதிரி கேட்குமாம், அப்படியே பதிவும் ஆகுமாம். ராத்திரிப் பறவைகளுக்காகக் கொண்டு வந்தது.

"எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க. அம்மா, முதல்ல நீங்க கேளுங்க" என்று என் தலையில் மாட்டிவிட்டுத் தட்டை ஏரிக்கு நேராகத் திருப்பினாள்.

நம்ப மாட்டீர்கள், தவளை ஒவ்வொன்றும் என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து கத்தினது. வக்கா என்று ரேவதி பிறகு பேர் சொன்ன ராத்திரிக் கொக்கு ஒன்று இருமின மாதிரி கூப்பிட்டுக்கொண்டு போனது. மீன் துள்ளி விழுந்தது. நான் சிரித்துக்கூட விட்டேன். அப்புறம், வயல்காட்டில் கேட்டுப் பழகின ஆள்காட்டிக் குருவி கத்தினது. அது ஆள் நடமாட்டம் இருந்தால்தான் அப்படிக் கத்தும் என்று எல்லோருக்கும் தெரியும். தட்டு பார்த்த பக்கம் ஏரியின் நடுப்பக்கம், அந்த வருஷம் நல்ல மழை, அங்கே ஆள் மூழ்குகிற தண்ணீர். எந்த ஆள் போவான்? நாயாக இருக்கும் என்று நினைத்தேன்.

தண்ணீரில் கனமாக எதுவோ கால் வைத்து நடக்கிற சத்தம். பிறகு தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம். மாடு வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும், எருமை உறிஞ்சுவது வேறு, எருது உறிஞ்சுவது வேறு. இரண்டு எருது. ஒன்று நிறுத்தும்போது இன்னொன்று உறிஞ்சும்.

அதற்கு மேல் சீழ்க்கை கேட்டது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சீழ்க்கை அடிப்பார்கள். அடித்தால் மாடு வயிறு நிறையக் குடிக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு விதம், அவனவன் மாட்டுக்கு அவனவன் சீழ்க்கைதான். எங்கள் வீட்டு ஆள் நீளமாக இழுத்து, நடுவில் ஒரு மூச்சு வாங்கி, கடைசியில் சின்னதாக மேலே தூக்கி விடுவார், கேள்வி கேட்கிற மாதிரி. போதுமா என்று மாட்டைக் கேட்கிறார் என்று நான் கேலி செய்வேன். கல்யாணமாகி வந்த முதல் நாள் சாயங்காலம் நான் அடுப்படியிலிருந்து கேட்டது அந்தச் சத்தம், அதற்கப்புறம் தினம் சாயங்காலம் கேட்டது. கூட்டத்தில் அவர் குரலை நான் தவறவிட்டாலும் விடுவேன், அதைத் தவறவிட மாட்டேன்.

இழுத்து, மூச்சு வாங்கி, மேலே தூக்கினது. திரும்பவும் ஒரு தடவை, அதே மாதிரி.

முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். கத்திவிடுவேனோ என்று பயம், பட்டணத்து ஆட்கள் முன்னால் நான் கத்துவதா? ஹெட்போனைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். வெறும் காதுக்கு ஒன்றுமில்லை, தூரத்தில் தவளை, அவ்வளவுதான். ரேவதி என் தோளைப் பிடித்தாள், "என்னம்மா, என்னாச்சு?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டி ரொம்ப நேரம் கேட்டாள். தவளை என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தார்கள், கோரைப்புல்லும் தண்ணீரும்தான். எங்கள் ஊரில் இன்றைக்கு எருது வைத்திருக்கிற வீடு ஒன்று கூடக் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்தான் என்னை வீடு வரைக்கும் கொண்டு வந்து விட்டாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. கதவைச் சாத்தி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். அழவில்லை. சந்தைக்குப் போன மாடு இங்கே தண்ணீர் குடிக்கிறது, ஆள் மூழ்குகிற தண்ணீரில் நின்றுகொண்டு அவர் சீழ்க்கை அடிக்கிறார். உயிரோடு இருக்கிற மனுஷன் ஊர் வரைக்கும் வந்தால் வீட்டுக்கு வர மாட்டாரா? வந்து சோறு கேட்க மாட்டாரா? அவர் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், பிள்ளைக்காக வந்து சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டேன். விடிந்ததும் கோவிந்தம்மா மகனிடம் சொல்லித் தணிகாசலத்துக்குப் போன் போட்டேன்.

"உங்க அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிடுடா" என்றேன்.

"எம்மா, நெஜமாத்தான் சொல்றியா? ராத்திரில இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. சனியைப் பாத்தேன், புத்தி வந்துச்சு."

ஏரிக்கரையில்தான் எல்லாம் நடந்தது. தருப்பைப் பொம்மைக்கு அவர் வேட்டியைச் சுற்றினார்கள். கருமாதியன்று தாலியை வாங்க மற்றப் பெண்கள் கிட்டே வந்தபோது, யாரும் தொடாதீர்கள் என்று நானே கழற்றி, பால் கிண்ணத்தில் போட்டேன். கழுத்து லேசாகிப் போய்விட்டது, அதுதான் தாங்க முடியவில்லை, ராத்திரி தூக்கத்தில் கை போய்த் தடவித் தடவிப் பார்க்கும். தை மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பத்திரிகையில் தெய்வத்திரு என்று போட்டார்கள். நான் மணவறைக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்று பார்த்தேன், மருமகள் தானாகவே தேடி வந்து என் காலில் விழுந்தாள், நல்ல பெண். இரண்டு பேரும் அரக்கோணத்தில் குடித்தனம் போனார்கள். இதோடு முடிந்திருந்தால் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

மாசியில் ரேவதி மறுபடி வந்தாள். திரும்பவும் அந்தப் பறவை நிகழ்ச்சி. ஆனால் ஏரிக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தணிகாசலமும் இருந்தான். என் வெறும் நெற்றியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அன்னிக்கு கரையில நீங்க ஏதாவது பேசினீங்களா?"

"நீதானே பேசக்கூடாதுன்ன. நான் எதுக்கு வாயத் தொறக்கறேன்?"

"அதான் எனக்கும் ஞாபகம். நீங்க புடவையைக் கடிச்சிட்டு இருந்தீங்க, நான் உங்க தோளைப் பிடிச்சிருந்தேன். ஆனா ரெக்கார்டிங்ல ஒண்ணு இருக்கு. சீழ்க்கையை நான் ஏதோ பறவைன்னு நெனச்சு, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்பினேன், எந்தப் பறவைன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியல. அதுக்கப்புறம் வர்றதைத்தான் நீங்க கேக்கணும்."

போனை என் முன்னால் வைத்தாள். தவளை. வக்கா. ஆள்காட்டி. எருதுகள் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம். சீழ்க்கை ஒரு தடவை, இரண்டு தடவை. அது வந்ததும் என் பிள்ளையின் முகம் செத்துப் போனது, சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து அதைக் கேட்டவன் அவன். அது வரைக்கும் நான் கேட்டது. அதன் பிறகு நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேனே, அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கேட்டதில்லை. சீழ்க்கை மூன்றாவது தடவை ஆரம்பிக்கிறது. இழுக்கிறது. பின்னாலிருந்து ரேவதி, "என்னம்மா, என்னாச்சு?" என்று கேட்பது லேசாகக் கேட்கிறது. அதே நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து, ஏரிக்குள்ளிருந்து, தூரத்தில் ஒரு பொம்பளைக் குரல்.

"ந்தா, தண்ணி காட்டுனது போதும். சோறு ஆறிப்போவுது, வா."

என் குரல்.

தணிகாசலம், "எம்மா, இது நீதாம்மா. நீ பேசிட்டு மறந்துட்ட" என்றான். ரேவதி அடித்துச் சொன்னாள், தட்டுக்கு முன்னால் இருக்கிற சத்தம்தான் இவ்வளவு தெளிவாகப் பதியும், நான் தட்டுக்குப் பின்னால் அவள் பக்கத்தில் நின்றேன், பின்னாலிருந்து பேசின அவள் குரலே எவ்வளவு மங்கலாக இருக்கிறது பாருங்கள் என்று. அவன் கேட்கவில்லை, பழைய குரல் எங்கேயோ காற்றில் நின்றிருக்கும் அண்ணா என்று கூடச் சொல்லிப் பார்த்தாள். படித்த பெண் அப்படிச் சொல்கிறாளே என்று எனக்கே ஆச்சரியம்.

பழைய குரலும் இல்லை. எனக்கு முன்பல் இரண்டும் விழுந்தது அவர் போன பிறகு. அதிலிருந்து 'சோறு' என்று சொன்னால் காற்று போகும். போனில் கேட்ட குரலிலும் காற்று போகிறது. அது இன்றைக்கு இருக்கிற குரல். அவர் காது ஒருநாளும் கேட்டிராத குரல்.

நான் இன்னொரு தடவை போடச் சொன்னேன். தணிகாசலம் வேண்டாம் என்று எழுந்து வெளியே போய்விட்டான். அன்றைக்கு ரேவதி போன பிறகும் அந்தப் போனில் கேட்டது எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இன்றைக்கும் பெரிய பானையில் சோறு வடிக்கும்போதெல்லாம் ஓடுகிறது. நான் கருமாதி செய்து அனுப்பிவிட்ட மனுஷனை, தாலியைக் கழற்றி, இனி அவர் இல்லை என்று நான் சொல்லிவிட்ட மனுஷனை, அங்கே என் குரலை வைத்துக்கொண்டு ஒருத்தி சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவள் யார்? அவள் வடிக்கிற சோறு எது? நான் இங்கே உயிரோடுதானே உட்கார்ந்திருக்கிறேன்? ரேவதியைக் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. மலைக்குப் போய் முருகனைக் கேட்டேன், அவனும் சொல்லவில்லை.

அந்தக் குரல் வந்ததும் சீழ்க்கை பாதியில் நின்றுவிடுகிறது. மூச்சு வாங்கவில்லை, மேலே தூக்கவில்லை. தண்ணீரைக் கலைத்துக்கொண்டு எருதுகள் திரும்புகிற சத்தம், கூடவே ஒரு ஆள் நடக்கிற சத்தம், குரல் வந்த பக்கமாகப் போய்ப் போய்த் தேய்ந்துவிடுகிறது. அவரோடு நான் குடித்தனம் செய்த காலமெல்லாம், ஒரு தரம் கூப்பிட்டு அவர் சாப்பிட வந்ததே இல்லை. தொண்டை வலிக்க நாலைந்து தரம் கத்துவேன், மாட்டைத் தடவிக்கொண்டு அங்கேயே நிற்பார்.

அவள் ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டாள்.